யார் கை வாசித்தது? ராக் குழுப் பெண்களின் ஆல்பங்களில் எதை, எந்தப் பதிப்பில் வாங்குவது

ராக் இசைக்குழுக்களில் பெண்கள் என்ன வாசித்தார்கள் என்று காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், கையில் மூன்று ஆல்பத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எதை எடுப்பது? பட்டியல்களைப் புரட்டினால் பெரும்பாலும் பாடகிகளின் பெயர்தான் வரும். பாடகி முன்னால் நிற்கிறார், உறையில் அவர் முகம் இருக்கிறது, தேர்வு சுலபமாகிவிடுகிறது. ஆனால் ராக் குழு என்பது நாலைந்து பேர் சேர்ந்து இழுக்கும் தேர். வடம் பிடித்த கை எது என்று உறைப்படம் சொல்வதில்லை. சில சமயம் உறையில் அச்சான பெயர்கூடச் சரியாகச் சொல்வதில்லை.

அதனால் இங்கே ஆல்பங்களைப் புகழை வைத்துப் பார்க்காமல், அவரவர் வேலையை வைத்து ஒப்பிடுகிறோம்: ட்ரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டும் பாட்டெழுதுவதும். ஒவ்வொன்றிலும் எதை வாங்கலாம், பக்கத்திலேயே இருக்கும் எந்த ஆல்பத்தை எடுத்தால் ஏமாற்றம், எந்தப் பதிப்பு என்று சொல்கிறோம். எல்பியா (பெரிய இசைத்தட்டு) சிடியா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

ட்ரம்ஸ்: பெயர் ஏமாற்றும் இடம் இதுதான்

மோ டக்கர் 1965 கடைசியில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவில் ட்ரம்மராகச் சேர்ந்தார். நின்றபடியே வாசிப்பார். கிக் டிரம்மைக் காலால் மிதிக்காமல், அதைப் படுக்கப்போட்டு மேலட் குச்சியால் மேலிருந்து அடிப்பார். சிம்பலை அநேகமாகத் தொடமாட்டார். மற்ற ராக் இசைத்தட்டுகளில் பாட்டு முழுக்க மேலே சலசலத்துக்கொண்டே இருக்கும் உலோக ஓசை இவரிடம் இல்லாததால், அந்த இடம் குழுவின் ஜான் கேல் வாசித்த வயோலாவுக்கும் (வயலினைவிடச் சற்றுப் பெரியது) கிட்டார்களுக்கும் கிடைத்துவிடுகிறது. அந்தக் குழுவின் ஒலி மற்றவர்களுடையதைப் போல இல்லாததற்குப் பாதிக் காரணம் இவர் எதை அடிக்காமல் விட்டார் என்பதுதான்.

1967 மார்ச்சில் வந்த முதல் ஆல்பம் 'த வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிக்கோ'. இதைப் பாடகி நிக்கோவுக்காக வாங்குபவர்கள் அதிகம். பதினொரு பாட்டில் அவர் முன்னின்று பாடுவது மூன்றுதான். 'ஹெராயின்' பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். டக்கரின் அடி மெதுவாகத் தொடங்கி ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறும். கடைசி உச்சத்துக்குள் ஓர் இடத்தில் ட்ரம்ஸ் அப்படியே நின்றுவிடும். இரைச்சலில் மற்றவர்கள் வாசிப்பது காதில் விழாமல் அவர் நிறுத்திவிட்டார். யாரும் நிற்காததால் மறுபடி சேர்ந்துகொண்டார். அந்த டேக் (ஒரு தடவை வாசித்து எடுத்த பதிவு) அப்படியே தட்டில் ஏறிவிட்டது. இந்த ஆல்பத்துக்கு மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் கலந்த வடிவம்) உண்டு. மோனோ அடர்த்தியாக இருக்கும். கருவிகளைப் பிரித்துக் கேட்க ஸ்டீரியோ போதும்.

1969-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பதிப்பு முக்கியம். அதற்கும் இரண்டு மிக்ஸ்: ஒலிப்பதிவாளர் வால் வாலன்டினுடையது ஒன்று, குழுவின் பாடகர் லூ ரீட் தானே செய்தது இன்னொன்று. ரீட் செய்ததில் குரல் காதருகே வந்து நிற்கும், மற்ற கருவிகள் பின்னுக்குப் போய்விடும். குழுவின் கிட்டாரிஸ்ட் ஸ்டெர்லிங் மாரிசன் அதற்கு 'அலமாரிக்குள் பதிவு செய்தது' என்று பேர் வைத்தார். இரண்டு மிக்ஸிலும் ஒரு பாட்டு வேறு வேறு டேக்காகவே இருக்கிறது. கருவிகளுக்காக வாங்குபவர்கள் வாலன்டின் மிக்ஸை எடுங்கள். இரண்டும் வேண்டுமென்றால் 2014-இல் வந்த 45-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இரண்டும் இருக்கின்றன. இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டை டக்கரே பாடுகிறார், அலங்காரமே இல்லாத குரலில்.

தவிர்க்க வேண்டியது 1970-இன் 'லோடட்'. அழகான ஆல்பம்தான். ஆனால் அப்போது டக்கர் கர்ப்பமாக இருந்தார், பதிவில் வாசிக்கவில்லை. பெயர் மட்டும் உறையில் அச்சானது. ட்ரம்ஸை குழுவின் டக் யூலும் இன்னும் சிலரும் பங்குபோட்டு வாசித்தார்கள். வெல்வெட் அண்டர்கிரவுண்டின் ஆல்பங்களில் எளிதாகக் கேட்க முடிவது இதுதான் என்பதால் பலர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். டக்கரைத் தேடி வந்தவர்களுக்கு அவர் இங்கே கிடைப்பதில்லை.

இதே குழப்பம் 1979 லண்டனிலும் உண்டு. த ஸ்லிட்ஸ் என்றால் நான்கு பெண்கள் என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம். அவர்களுடைய முதல் ட்ரம்மர் பாமாலிவ். ஆனால் 'கட்' ஆல்பம் பதிவாவதற்கு முன்பே அவர் விலகிவிட்டார். தட்டில் கேட்பது பிற்பாடு சூசி அண்ட் த பான்ஷீஸில் வாசித்த பட்ஜியின் ட்ரம்ஸ். பாமாலிவைக் கேட்க வேண்டுமானால் அதே ஆண்டு ரஃப் டிரேட் வெளியிட்ட 'த ரெயின்கோட்ஸ்' ஆல்பத்துக்குப் போக வேண்டும். டாம் எனும் டிரம்களை உருட்டி உருட்டி, வேகம் கூடிக் குறைய, பாட்டைத் தள்ளிக்கொண்டு போவார். பக்கத்தில் விக்கி ஆஸ்பினாலின் வயலின், ஜினா பர்ச்சின் பேஸ், ஆனா டா சில்வாவின் கிட்டார். நால்வரும் ஒரே கோட்டில் ஓட மாட்டார்கள். ஒருவர் முந்த இன்னொருவர் எட்டிப்பிடிப்பார். முதல் தடவை கேட்கும்போது பயிற்சி போதாது என்று தோன்றும். நாலாவது தடவையில், அது அவர்கள் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கும் விதம் என்று பிடிபடும். மூல எல்பியில் 'ஃபேரிடேல் இன் த சூப்பர்மார்க்கெட்' என்ற அவர்களுடைய முதல் சிங்கிள் (தனியாக வெளியான பாட்டு) கிடையாது. மறுவெளியீடுகளில் அது முதல் பாட்டாக வருகிறது. வாங்கும் முன் பாட்டுப் பட்டியலின் முதல் வரியைப் பார்த்தாலே எந்த வடிவம் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு பாட்டுக்காகவே மறுவெளியீட்டை எடுக்கலாம்.

அதற்காக 'கட்' வேண்டாம் என்று அர்த்தமில்லை. டெசா பாலிட்டின் பேஸுக்கும் விவ் ஆல்பர்ட்டீனின் கீறல் கிட்டாருக்கும் அது தங்கம். ஜமைக்காவின் ரெகே இசை தெரிந்த டென்னிஸ் போவெல் தயாரித்ததால் பேஸ் கனமாகவும், நடுவில் நிறைய இடைவெளியோடும் இருக்கும்.

பேங்கிள்ஸ் குழுவின் விஷயமும் இதே ரகம். 1986-இன் 'டிஃபரன்ட் லைட்' ஆல்பத்திலுள்ள அவர்களுடைய மிகப் பெரிய வெற்றிப் பாட்டில் ட்ரம்மர் டெபி பீட்டர்சனுக்கு ட்ரம்ஸும் இல்லை, முன்னின்று பாட ஒரு சரணமும் இல்லை. அடி முழுக்க இயந்திரம். சரணங்களை மற்ற மூவர் பிரித்துக்கொண்டார்கள். குழுவாக அவர்கள் வாசிப்பதைக் கேட்க 1984-இன் 'ஆல் ஓவர் த பிளேஸ்' சிறந்தது.

ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் மெக் ஒயிட்டுக்கு ட்ரம்ஸ் வாசிக்கத் தெரியுமா தெரியாதா என்று இரண்டு தரப்பும் கத்திக்கொண்டே இருக்கிறது. 'எலிஃபன்ட்' 2003-இல் வந்தது. பெரும்பகுதி லண்டன் டோ ரேக் ஸ்டுடியோவில் எட்டு டிராக் இயந்திரத்தில் பதிவானது. குழுவில் இரண்டே பேர், பேஸ் வாசிக்க ஆளில்லை. அடித்தளம் முழுவதும் மெக்கின் கையில். எளிய அடிதான். ஆனால் ஜாக் ஒயிட்டின் கிட்டார் நேரம் தவறி முன்னும் பின்னும் அலையும்போது அது விழாமல் தாங்குவது அந்த எளிமைதான். நுணுக்கமான அடி தெரிந்த ஒருவரை அங்கே வைத்தால் பாட்டே கலைந்துவிடும்.

பேஸ்: நல்ல பதிப்புக்குப் பணம் கொடுக்கலாம்

டாக்கிங் ஹெட்ஸின் டீனா வெய்மத் குழுவில் சேர்ந்த பிறகுதான் பேஸ் கற்றுக்கொண்டார். குழுவின் ட்ரம்மர் கிறிஸ் ஃபிரான்ட்ஸ் அவருக்கு ஊக்கம் கொடுக்க சூசி குவாட்ரோவின் தட்டுகளைப் போட்டுக் காட்டினார். ஒரு பெண் பேஸிஸ்டின் தட்டு இன்னொரு பெண் பேஸிஸ்டை உருவாக்கியது என்பதால் இதைச் சொல்கிறோம். பெரும்பாலானவர்கள் 1980-இன் 'ரிமெய்ன் இன் லைட்' வாங்கச் சொல்வார்கள். அருமையான ஆல்பம். ஆனால் அதில் பல அடுக்குகளைப் பலரும் மாற்றி மாற்றி வாசித்திருப்பதால் எந்த பேஸ் யாருடையது என்று பிரிப்பது கடினம். எழுதியவர் பெயர் போட்ட விஷயத்திலும் அந்த ஆல்பத்தில் குழுவுக்குள் மனக்கசப்பு வந்தது.

வெய்மத்துக்காக வாங்குவதானால் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' நேரடி ஆல்பம். 1983 டிசம்பரில் ஹாலிவுட் பான்டேஜஸ் அரங்கில் நடந்த கச்சேரி. முதல் பாட்டில் பாடகர் டேவிட் பர்ன் மட்டும். இரண்டாவது பாட்டுக்கு வெய்மத் பேஸோடு வந்து நிற்கிறார். மூன்றாவதில் ட்ரம்ஸ். ஒவ்வொருவராகக் குழு கட்டப்படுகிறது. ஒரு பேஸ் வந்து சேர்ந்தால் ஒரு குரலுக்கும் ஒரு கிட்டாருக்கும் என்ன நடக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எந்தத் தட்டும் காட்டாது.

பதிப்பை இங்கே கவனிக்காவிட்டால் பணம் வீண். 1984-இன் மூல எல்பியில் ஒன்பது பாட்டுதான்; மேலே சொன்ன இரண்டாவது பாட்டே அதில் இல்லை. வெய்மத் தன் டாம் டாம் கிளப் குழுவாகப் பாடும் 'ஜீனியஸ் ஆஃப் லவ்'வும் இல்லை. 1999 சிடியில் பதினாறு பாட்டு, இரண்டும் உண்டு. 2023-இன் விரிவான பதிப்பில் முழுக் கச்சேரியும், பதினெட்டு பாட்டு, இரண்டு எல்பியாக. பழைய எல்பி விலை மலிவாகக் கண்ணில் படும். பாட்டை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சிக்கனமான வழி 1999 சிடி. லின் மேப்ரியும் எட்னா ஹோல்ட்டும் பின்குரலில் செய்வதையும் இதிலேயே கேட்டுவிடலாம். பின்குரல் என்று அதைச் சொல்வதே சரியில்லை, மேடையின் பாதி வேகம் அவர்களுடையது.

அடுத்து பிக்ஸீஸ் குழுவின் பேஸிஸ்ட் கிம் டீல். பிக்ஸீஸின் 'சர்ஃபர் ரோசா' 1988-இல் வந்தது; ஸ்டீவ் அல்பினி பதிவு செய்தது; உறையில் டீலின் பெயர் 'திருமதி ஜான் மர்ஃபி' என்று இருக்கும். எளிய, நேரான பேஸ். அதன்மேல் சாவகாசமான குரல். 'ஜைஜான்டிக்' பாட்டை குழுவின் பாடகர் பிளாக் ஃபிரான்சிஸுடன் சேர்ந்து எழுதி, டீலே பாடுகிறார். ஆனால் அந்தக் குழுவில் அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

அதே டீல் கிட்டாரை எடுத்துக்கொண்டு எழுதியும் பாடியும் நடத்திய த பிரீடர்ஸின் 'லாஸ்ட் ஸ்பிளாஷ்' (1993) வேறு உலகம். அவருடைய இரட்டைச் சகோதரி கெல்லி டீல் கிட்டார். குழுவில் சேர்ந்தபோது அவருக்குக் கிட்டார் சரியாக வாசிக்கத் தெரியாது, வாசித்தே கற்றுக்கொண்டார். பேஸ் ஜோசஃபின் விக்ஸ். ட்ரம்ஸில் ஜிம் மக்ஃபர்சன் மட்டும் ஆண். 'கேனன்பால்' தொடக்கத்தில் விக்ஸ் தனியாக வாசிக்கும் பேஸை உன்னிப்பாகக் கேளுங்கள். ஒரு சுரம் இடம் தவறித்தான் விழுகிறது. மற்றவர்கள் நுழையும்போது அது சரியான இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. பயிற்சியில் தவறுதலாக வந்ததை வேண்டுமென்றே வைத்துக்கொண்டார்கள். அந்தச் சின்ன நகர்வுதான் பாட்டைத் திறக்கும் சாவி. மொத்த ஆல்பமும் நாற்பது நிமிடத்துக்குள் முடிவதால் ஒற்றை எல்பியிலேயே வசதியாக அடங்கும். 2023-இல் மூல அனலாக் டேப்பிலிருந்து எடுத்து நிமிடத்துக்கு 45 சுழற்சியில் இரண்டு தட்டாகவும் வந்தது. பேஸும் கிட்டார் கரகரப்பும் அதில் நன்றாக விரிகின்றன. விலை கூடுதல், நல்ல டர்ன்டேபிள் (எல்பியைச் சுழற்றும் கருவி) இருந்தால் மட்டும் கொடுங்கள்.

பேஸில் ஏமாற்றும் ஆல்பம் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸின் 'சயாமீஸ் டிரீம்'. அதன் பேஸிஸ்ட் டார்சி ரெட்ஸ்கி. ஆனால் ஸ்டுடியோவில் கிட்டார், பேஸ் இரண்டிலும் பெரும்பகுதியைப் பாடகர் பில்லி கார்கனே வாசித்தார். ஆல்பமாக வாங்குங்கள், டார்சியின் பேஸுக்காக வாங்காதீர்கள்.

கிட்டார்

இங்கே தயக்கமே இல்லை. ஸ்லீட்டர்-கின்னியின் 'டிக் மி அவுட்', 1997, கில் ராக் ஸ்டார்ஸ் வெளியீடு. பதின்மூன்று பாட்டு, முப்பத்தாறு நிமிடம். கோரின் டக்கர், கேரி பிரவுன்ஸ்டீன் இருவரும் கிட்டார். ஜேனட் வைஸ் ட்ரம்ஸில் சேர்ந்த முதல் ஆல்பம் இது. பேஸ் கிடையாது. இரண்டு கிட்டாரையும் வழக்கத்தைவிட ஒன்றரைச் சுரம் தாழ்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் கீழே இழுத்து பேஸ் இருக்க வேண்டிய இடத்தை நிரப்ப, மற்றவர் மேலே காதைப் பிடித்து இழுக்கும் மெட்டைப் போடுவார். அடுத்த அடியில் இருவரும் இடம் மாறியிருப்பார்கள். முன்னணி கிட்டார், துணைக் கிட்டார் என்ற பிரிவினையே இல்லை. பாடும்போதும் அப்படித்தான், இரண்டு குரலும் வேறு வேறு வரியைப் பாடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.

ஒலி பற்றி ஒரு எச்சரிக்கை. பேஸ் இல்லாததால், நடு அலைவரிசையைத் தூக்கிக் காட்டும் மலிவான ஸ்பீக்கரில் இது காதைக் குடையும். ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்து, சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கள். 2005-இன் 'த வுட்ஸ்' இன்னும் பெரிய ஒலி, ஆனால் உரத்த மாஸ்டரிங்கும் (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சரிசெய்வது) வேண்டுமென்றே உடைத்த ஒலியும் சேர்ந்தது. முதல் வாங்கலுக்கு அது வேண்டாம். ஜேனட் வைஸுக்காக வாங்குபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: அவர் 2019-இல் விலகினார். 2021 முதல் வந்த ஆல்பங்களில், 2024-இன் 'லிட்டில் ரோப்' உட்பட, அவர் இல்லை. 'லிட்டில் ரோப்' நல்ல ஆல்பம். அது கோரின் டக்கரின் குரலுக்கான ஆல்பம்.

த கோ-கோஸின் 'பியூட்டி அண்ட் த பீட்' (1981) அமெரிக்க ஆல்பம் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. தங்கள் பாட்டைத் தாங்களே எழுதி, தாங்களே வாசித்த பெண்கள் குழு ஒன்று அந்த இடத்தை அடைந்தது அதுவே முதல் முறை. சார்லட் காஃபியின் கிட்டாரும் பாட்டெழுத்தும், ஜீனா ஷாக்கின் ட்ரம்ஸும் இதில் நேராகக் கேட்கும். பழைய எல்பி, சிடி இரண்டும் நிறையப் புழங்குகின்றன. பளபளப்பான தயாரிப்பு சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அது குறையாகப் படவில்லை, பாட்டுகள் தாங்குகின்றன.

கீபோர்டும் பாட்டெழுத்தும்

ஃப்ளீட்வுட் மேக்கின் 'ரூமர்ஸ்' (1977) எல்லோரிடமும் இருக்கும். ஆனால் பாடகி ஸ்டீவி நிக்ஸின் ஆல்பம் என்று நினைத்துக்கொண்டு வாங்குபவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். பதினொரு பாட்டில் கிறிஸ்டின் மெக்வீ எழுதியவை நான்கு, நிக்ஸ் மூன்று, லிண்ட்ஸி பக்கிங்ஹாம் மூன்று, ஒன்று ஐவர் பேரிலும். அதிகம் எழுதியவர் பின்னால் கீபோர்டில் உட்கார்ந்திருந்தவர். 'யூ மேக் லவிங் ஃபன்' பாட்டில் மெக்வீ கிளாவினெட் (ஒரு மின் கீபோர்டு) வாசிக்க, அது ஒலியை நெளியவைக்கும் வா-வா பெடல் வழியாகப் போகிறது. பெடலை ட்ரம்மர் மிக் ஃப்ளீட்வுட் கையால் இயக்கினார். அந்த நெளிவு கிட்டார் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'சாங்பேர்ட்' ஸ்டுடியோவில் பதிவானதல்ல. பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் ஜெலர்பாக் அரங்கில், பியானோவைச் சுற்றியுள்ள காற்றும் கேட்கும்படி எடுத்தது.

நிக்ஸின் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' எல்பியில் நீளம் கருதி விடப்பட்டு, ஒரு சிங்கிளின் மறுபக்கத்தில் போனது. 2004, 2013 சிடிகளில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாட்டு வேண்டுமென்றால் சிடிதான் சுலபம். உலகம் முழுக்க நாலு கோடிக்கு மேல் விற்ற தட்டு இது. அதனால் பழைய பிரதியை ஏராளமான விலை கொடுத்து வாங்கக் காரணமே இல்லை.

நியூ ஆர்டரின் ஜில்லியன் கில்பர்ட்டை ஆல்பத்தில் தேடுபவர்கள் 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்' (1983) வாங்கிவிட்டு 'ப்ளூ மண்டே' எங்கே என்று கேட்பார்கள். பிரிட்டிஷ் மூல ஆல்பத்தில் அது இல்லை. தனி 12 அங்குல சிங்கிளாக வந்தது. அதன் சீக்வென்ஸர் (சுரங்களைத் தானாக வாசிக்கும் கருவி) வரிசை முழுவதையும் கில்பர்ட் நீளத் தாளில் எழுதி உள்ளிட்டார். ஒரு சுரம் விடுபட்டது. அதனால்தான் மெட்டு அடியோடு ஒட்டாமல் சற்றே விலகி ஓடுகிறது. 1987-இன் 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பில் அது இருக்கிறது. இந்தக் குழுவுக்கு அதையே முதலில் எடுங்கள்.

பாடகிகளைப் பற்றி இங்கே நீட்டவில்லை. அவர்களுடைய ஆல்பங்களைத் தேர்ந்தெடுக்க உதவி தேவைப்படாது. ஒரு குறிப்பு மட்டும்: பாடகியே கிட்டாரும் வாசித்து, எழுதவும் செய்யும் பிரிட்டெண்டர்ஸின் முதல் ஆல்பத்தை (1980) கிறிஸி ஹைண்டின் வலது கைக்காகவும் கேளுங்கள். தாளம் அடிக்கடி வழக்கமான நாலடிக் கணக்கிலிருந்து விலகும். குரல் அதை மறைத்துவிடும்.

புதிதாக வந்தவை

த லாஸ்ட் டின்னர் பார்ட்டியின் 'பிரிலூட் டு எக்ஸ்டஸி' (2024) ஐந்து பேர் குழுவின் ஆல்பம். கவனம் பாடகி அபிகெயில் மாரிஸ் மேல் போகும். எமிலி ராபர்ட்ஸின் கிட்டார் தனிகளையும், அரோரா நிஷெவ்சியின் கீபோர்டையும் வாத்தியக்குழு எழுத்தையும் கேட்பதுதான் பலன். நிரந்தர ட்ரம்மர் கிடையாது, அதனால் ட்ரம்ஸுக்காக வாங்குபவர்களுக்கு இது பொருந்தாது. கிம் டீலின் முதல் தனி ஆல்பம் 'நோபடி லவ்ஸ் யூ மோர்' 2024 நவம்பரில் வந்தது. அதில் ஒரு பகுதி அல்பினி பதிவு செய்தது. 'லாஸ்ட் ஸ்பிளாஷ்' பிடித்தவர்கள் அடுத்துப் போக வேண்டிய இடம்.

புதிய ஆல்பங்கள் ஒரே சமயத்தில் ஏழெட்டு நிறத் தட்டுகளில் வருகின்றன. பாட்டு ஒன்றுதான். கறுப்புத் தட்டை எடுங்கள், மலிவாகவும் இருக்கும். படம் அச்சிட்ட பிக்சர் டிஸ்க்கைக் கேட்பதற்காக வாங்க வேண்டாம். மேலே ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் பள்ளம் வெட்டியிருக்கிறது, பின்னணி இரைச்சல் அதிகம்.

எல்பியா, சிடியா, ஃபைலா

எல்பியின் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம்தான் வசதி. அதைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலி அளவையும் பேஸையும் குறைத்தால்தான் முடியும். உள்வட்டத்துக்குப் போகப்போக ஊசியின் கீழ் ஓடும் நீளம் குறைவதால் சிம்பலும் 'ஸ' ஓசையும் கரகரக்கும். 'டிக் மி அவுட்', 'லாஸ்ட் ஸ்பிளாஷ்', 'த ரெயின்கோட்ஸ்' எல்லாம் நாற்பது நிமிடத்துக்குள் முடிபவை, எல்பியில் நிம்மதியாக இருக்கும். எழுபது நிமிட ஆல்பம் இரண்டு தட்டாக வந்திருந்தால் எல்பி வாங்கலாம். ஒற்றைத் தட்டில் திணித்திருந்தால் சிடி. 180 கிராம் என்று உறையில் ஒட்டியிருப்பது தட்டின் எடையை மட்டும் சொல்கிறது. ஒலி மாஸ்டரிங்கில் இருக்கிறது.

இந்தியாவில் இறக்குமதி எல்பி சுமார் 2,500 ரூபாயில் தொடங்குகிறது; இரட்டைத் தட்டு அதற்கும் மேலே. அந்தப் பணத்துக்குப் பழைய சிடி மூன்று நாலு வரும். பெட்டி வடிவில் வரும் மலிவு டர்ன்டேபிள்தான் வீட்டில் இருக்கிறது என்றால் எல்பிக்குச் செலவழிக்காதீர்கள். நல்ல கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சிறு பாகம்) பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை கிராம் அழுத்தத்தில் ஓடும். அந்தப் பெட்டிகளில் இருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ் அதைவிட இரண்டு மடங்கு அழுத்தும். தட்டும் தேயும், பேஸும் வராது. டீனா வெய்மத்தை அதில் கேட்பது அவரைக் கேட்காததற்குச் சமம்.

சிறு நிறுவன வெளியீடுகளுக்கு பேண்ட்கேம்ப் இணையதளம் நல்ல வழி. ஒலித்தரம் குறையாத ஃபிளாக் ஃபைலாக இறக்கிக்கொள்ளலாம், தொலைந்தால் மறுபடி எடுக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், விற்பனை கூடினால் 10. மீதி, பணப் பரிமாற்றச் செலவு போக, குழுவுக்கோ அவர்களுடைய நிறுவனத்துக்கோ போகிறது. பெரிய நிறுவனங்களின் பழைய ஆல்பங்களை அங்கே தேடிப் பயனில்லை.

எல்பி தபாலில் வருவதானால், தட்டை உள்ளுறையோடு வெளியுறையிலிருந்து எடுத்து, வெளியுறைக்குப் பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வழியில் குலுங்கித் தட்டின் விளிம்பு உறையின் தையலைக் கிழித்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பார்சல் வெயிலில் கிடக்க விடாதீர்கள். வளைந்த தட்டு எளிதில் நேராவதில்லை. வந்த அன்றே, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், மூன்றைப் பாருங்கள். சுழலும்போது ஊசிக்கை மேலும் கீழும் எவ்வளவு ஏறி இறங்குகிறது: லேசான அலை பரவாயில்லை, ஊசி துள்ளினால் திருப்பி அனுப்புங்கள். ஊசிக்கை பக்கவாட்டில் ஆடினால் நடுத்துளை மையம் தவறியிருக்கிறது; சுருதி ஏறி இறங்கும். கிட்டார் இரைச்சலில் அது தெரியாது, மெக்வீயின் பியானோ போல நீண்டு ஒலிக்கும் சுரத்தில் உடனே தெரிந்துவிடும். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் துணி கிழிவது போலச் சத்தம் வந்தால் அச்சில் பிளாஸ்டிக் சரியாக நிரம்பவில்லை, கழுவினாலும் போகாது. சாதாரணப் படபடப்பு, காகிதத் தூசியாக இருக்கலாம். புதுத் தட்டையும் ஒரு தடவை சுத்தம் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்று மட்டும் என்றால்

'டிக் மி அவுட்' எல்பியாக, 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' 1999 சிடியாக, 'த ரெயின்கோட்ஸ்' முதல் சிங்கிள் சேர்ந்த மறுவெளியீடாக, எந்த வடிவில் கிடைத்தாலும். கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் மூன்றும் வந்துவிடும், உறையில் எழுதியிருப்பதும் உள்ளே வாசித்திருப்பதும் இந்த மூன்றிலும் பொருந்தும். இவ்வளவு கரடுமுரடு வேண்டாம் என்பவர்கள் மூன்றாவதை எடுத்துவிட்டு 'பியூட்டி அண்ட் த பீட்' வைத்துக்கொள்ளலாம். 'ரூமர்ஸ்' ஏற்கெனவே வீட்டில் எங்காவது இருக்கும். இல்லாவிட்டால் பழைய சிடி போதும். நாலாவதுக்குப் பணம் சேர்ந்தால் 'லாஸ்ட் ஸ்பிளாஷ்'. டர்ன்டேபிள் நல்லதாக இருந்தால் 45 சுழற்சி, இல்லாவிட்டால் சாதாரணச் சிடி.